நெய்த உடம்பு: இழையங்களும் மென்சவ்வுகளும்

"டிஷூ ண்டா கை தொடைக்கிற கடதாசி தானே? அத என்னத்துக்கு என்ட வாய்க்குள்ள ஈந்து எடுக்கப் போறாங்க?"

உம்மா இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற தாதியும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு விட்ட ஒரு விளக்கத்தால் ஐந்து மாதம் வீணாகப் போகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

உம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. நாற்பது வருசத்துக்கு மேலாக வெத்திலை போடுபவர். இடது கன்னத்தின் உட்புறத்தில் பால் காய்ந்தது போல ஒரு வெள்ளைப் படை. உறைப்பு பட்டால் எரிவு. கிளினிக்கில் பார்த்த வைத்தியர் தன்மையான மனிதர். சிங்களத்தில் "பட்டக்க" கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றார். ஆங்கிலத்தில் "டிஷூ" என்றார், "மெம்பிரேன்" என்றார். நான் உம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்: "வாய்க்குள்ள கொஞ்சம் சதை வெட்டி எடுப்பாங்களாம்." அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு ராத்தா, "கத்தி பட்டா அது பரவிடும்" என்று சொன்னார். உம்மா பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

நான் தமிழில் சிறப்புப் பட்டம் பெற்றவள். கண்டியில் இருபது வருசமாகத் தமிழ் படிப்பிக்கிறேன். புணர்ச்சி விதியும் வேற்றுமை மயக்கமும் சொல்லிக் கொடுக்கத் தெரிந்த எனக்கு, சொந்த உம்மாவின் கன்னத்தில் இருப்பது என்ன, அதிலிருந்து எடுக்கப் போவது என்ன என்று தமிழில் விளங்கப்படுத்தத் தெரியவில்லை. அதே கிழமை விஞ்ஞான ஆசிரியர் லீவில் இருந்ததால் அவருடைய வகுப்புக்குப் போனேன். பிள்ளைகள் பாடமாக்கிக்கொண்டு இருந்தார்கள்: "மேலணி இழையம், தொடுப்பிழையம், தசை இழையம், நரம்பு இழையம்." எனக்கு வேண்டிய சொல் எல்லாம் அந்தப் புத்தகத்துக்குள் இருந்தது. பரீட்சை மண்டபத்தைத் தாண்டி அது வீட்டுக்கு வரவில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவரத்தான் இந்தக் கட்டுரை.

சொல்லில் இருந்து தொடங்குவோம்

நம் உடம்பின் மிகச் சிறிய உயிருள்ள அலகு கலம். ஒரே வகையைச் சேர்ந்த கலங்கள் ஒன்றுசேர்ந்து, தங்களுக்கு இடையில் உள்ள பொருளோடு சேர்ந்து, ஒரு வேலையைச் செய்தால் அந்தக் கூட்டம் இழையம். பல இழையங்கள் சேர்ந்தது உறுப்பு. இரைப்பை ஓர் உறுப்பு. அதன் உட்பூச்சு ஓர் இழையம், அதைப் பிசைந்து அரைக்கும் தசை இன்னோர் இழையம், இரண்டையும் ஒட்டவைத்திருப்பது மூன்றாவது, கட்டளை கொண்டுவரும் நரம்பு நான்காவது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் "திசு" என்பார்கள். அது டிஷூவின் ஒலிபெயர்ப்பு. இலங்கையில் நாம் "இழையம்" என்கிறோம். இழை என்றால் நூல். பிரெஞ்சு மொழியில் "டிஸ்யூ" என்பது நெய்த துணியைக் குறிக்கும். ஆங்கிலச் சொல் அங்கிருந்துதான் வந்தது. ஆகவே உம்மா சொன்ன கை துடைக்கும் கடதாசியும் வைத்தியர் சொன்ன டிஷூவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். மெல்லிய துணியைக் குறித்த சொல் ஒரு பக்கம் மெல்லிய கடதாசிக்குப் போனது, இன்னொரு பக்கம் உடம்புக்குள் போனது.

உடம்புக்குள் அதைக் கொண்டுபோய் நிலைநிறுத்தியவர் சேவியர் பிஷா என்ற பிரெஞ்சு வைத்தியர். 1771இல் பிறந்து 1802இல், முப்பது வயதில் இறந்துபோனவர். நுணுக்குக்காட்டியை அவர் நம்பவில்லை. பிரேதங்களின் பாகங்களை அவித்தார், உலர்த்தினார், அமிலத்தில் போட்டார், அழுகவிட்டும் பார்த்தார். எந்தப் பாகம் எப்படி மாறுகிறது என்பதைக் கொண்டு மனித உடம்பில் இருபத்தொரு வகை இழையம் உண்டு என்று 1801இல் எழுதினார். அதற்கு முந்தி அவர் எழுதிய நூல் மென்சவ்வுகளைப் பற்றியது. அதாவது இழையம் என்ற அறிவே மென்சவ்வைப் பார்த்ததில் இருந்துதான் பிறந்தது. பிற்காலத்தில் நுணுக்குக்காட்டி அந்த இருபத்தொன்றை நான்கு பெரும் வகைக்குள் அடக்கியது.

மென்சவ்வு என்ற சொல்லைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். இறைச்சி வெட்டுகிற எந்த வீட்டிலும் "சவ்வு" தெரியும். கடிபடாமல் இழுபடுகிற, வெள்ளையாய்ப் பளபளக்கிற அந்தத் தோல். அதன் மெல்லிய வகை மென்சவ்வு. படலம் என்றும் சொல்வோம். சிங்களத்தில் "பட்டலய" என்பார்கள். நம்முடைய படலமும் அவர்களுடைய பட்டலயவும் ஒரே வடசொல்லின் இரு வடிவங்கள். கண்டியில் மூன்று மொழிக்கு நடுவில் வாழும் நமக்கு இந்த உறவு உதவும். சிங்கள வைத்தியர் "பட்டலய" என்றால் படலத்தை நினைத்துக்கொள்ளலாம்.

வுளூச் செய்யும்போது தொடுவது: மேலணி இழையம்

மேல் + அணி. மேலே வரிசையாய் நிற்பது. உடம்பின் வெளிப்பரப்பையும் உள்ளே உள்ள குழாய்கள், பைகள் எல்லாவற்றின் உட்பரப்பையும் மூடியிருப்பது இந்த இழையம். கலங்கள் இடைவெளியின்றி நெருங்கி, ஓடு பதித்தது போல இருக்கும். இதற்குள் குருதிக்குழாய் கிடையாது. கீழே இருக்கும் இழையத்தில் இருந்து கசிந்து வரும் போசணையைக் கொண்டே உயிர் வாழும்.

வுளூச் செய்யும்போது நாம் மூன்று வகை மேலணியைத் தண்ணீரால் தொடுகிறோம். கையைக் கழுவும்போது தோல். அதன் மேல்வரிசைக் கலங்கள் இறந்து, கெரற்றின் என்ற கடினப் புரதத்தால் நிறைந்து, செதில் செதிலாய்க் கிடக்கும். அதனால்தான் தண்ணீர் உள்ளே போவதில்லை. வாய் கொப்பளிக்கும்போது கன்னத்தின் உட்புறம். அங்கேயும் பல அடுக்குச் செதிற்கலங்கள்தான், ஆனால் மேல் அடுக்கு அவ்வளவு காய்ந்து கடினமாகாமல் ஈரமாகவே இருக்கும். மூக்கை இன்னும் சற்று உள்ளே பார்த்தால் தூண் போல உயர்ந்த கலங்கள், அவற்றின் தலையில் நுண்ணிய மயிர்கள். அந்த மயிர்கள் அலையடித்துத் தூசி பிடித்த சளியைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

மேலணிக் கலங்கள் தேய்ந்து உதிரும், புதியவை கீழிருந்து எழும். சிறுகுடலின் உட்பூச்சு மூன்று முதல் ஐந்து நாளில் புதிதாகிறது. தோலுக்கு ஏறத்தாழ ஒரு மாதம். வாயின் உட்புறம் சில கிழமைகளில் மாறிவிடும். ஓயாமல் பிரிந்து பெருகுகிற இழையம் என்பதாலும், வெளியில் இருந்து வரும் எல்லாம் முதலில் படுகிற இடம் என்பதாலும், வளர்ந்தவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் பத்துக்கு எட்டுக்கு மேல் மேலணி இழையத்தில்தான் தொடங்குகின்றன.

ஹஜ்ஜுப் பெருநாள் பாடம்: தொடுப்பும் தசையும் நரம்பும்

மற்ற மூன்று இழையங்களையும் பார்க்க நமக்கு ஆய்வுகூடம் வேண்டாம். உழ்ஹிய்யா இறைச்சி வந்த அன்று சமையலறையில் நின்றால் போதும்.

தொடுப்பிழையம் என்பது தொடுத்து வைப்பது. பூமாலையில் நூல் செய்கிற வேலை. இதில் கலங்கள் நெருங்கி நிற்பதில்லை, இடைவெளி விட்டு நிற்கும். அந்த இடைவெளியை நிரப்பும் பொருள்தான் அதன் குணத்தைத் தீர்மானிக்கும். சுண்ணச் சத்து நிரம்பினால் எலும்பு. இறப்பர் போல வளையும் பொருள் நிரம்பினால் கசியிழையம், நெஞ்செலும்பு முனையில் கடக் முடக்கென்று கடிபடுவது. கயிறு போன்ற கொலாஜன் நார்கள் நெருக்கமாய் நிரம்பினால் தசையை எலும்போடு கட்டும் நாண். கொழுப்பு நிரம்பிய கலங்கள் என்றால் கொழுப்பிழையம். நிரப்பும் பொருள் திரவமாகவே இருந்தால் அது குருதி. ஆம், இரத்தமும் ஒரு தொடுப்பிழையம்தான். பிள்ளைகள் பரீட்சையில் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

தசை இழையம் சுருங்கி விரிவது. எலும்போடு ஒட்டி நம் விருப்பப்படி இயங்குவது வன்கூட்டுத் தசை. நாம் "நல்ல இறைச்சி" என்று பங்கு வைப்பது இதை. குடலிலும் இரைப்பையிலும் குருதிக்குழாயின் சுவரிலும் இருப்பது மழமழப்பான தசை. அது நம்மைக் கேட்டு வேலை செய்வதில்லை. மூன்றாவது இதயத் தசை. அதுவும் நம் கட்டளைக்கு உட்பட்டதல்ல, பிறப்புக்கு முந்தியே துடிக்கத் தொடங்கிக் கடைசி மூச்சு வரைக்கும் ஓய்வதில்லை.

நரம்பு இழையம் செய்தி கொண்டுபோவது. மூளை, முண்ணாண், அவற்றில் இருந்து கிளைக்கும் நரம்புகள் எல்லாம் இதனால் ஆனவை. முண்ணாணின் கீழ்ப்பகுதியில் இருந்து பாதம் வரை ஒரே நரம்புக் கலத்தின் இழை ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளத்துக்கு ஓடும். மேலணியைப் போல இது உதிர்ந்து புதிதாவதில்லை. மூளையின் நரம்புக் கலங்களில் பெரும்பாலானவை நம்மோடு பிறந்து நம்மோடு போகின்றவை.

சவ்வில் எத்தனை வகை

மென்சவ்வு தனியான ஐந்தாவது இழையம் அல்ல. இழையங்கள் மெல்லிய விரிப்பாய் அமைந்து ஓர் இடத்தை மூடும்போது அதை மென்சவ்வு என்கிறோம். பெரும்பாலும் மேலே மேலணி, கீழே தொடுப்பிழையம் என்று இரண்டு அடுக்கு. ஒவ்வொரு கலத்தையும் சுற்றி ஒரு மென்சவ்வு உண்டு, அது வேறு. அது கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது, கண்ணுக்குத் தெரியாதது. இங்கே நான் சொல்வது கையால் உரிக்கக்கூடிய பெரிய மென்சவ்வுகளை.

முதலாவது சீதமென்சவ்வு. வெளியுலகுக்கு வாசல் உள்ள எல்லாக் குழாய்களின் உட்புறமும் இது. வாய், மூக்கு, குடல், சிறுநீர்ப் பாதை. சளி போன்ற சீதத்தைச் சுரந்து எப்போதும் ஈரமாய் இருக்கும். பாபத் கழுவுகிறவர்களுக்குத் தேன்கூடு போல மடிப்பு மடிப்பாய்க் கிடக்கும் உட்புறம் தெரியும். அது மாட்டின் இரைப்பைச் சீதமென்சவ்வு.

இரண்டாவது நீர்ப்பாய மென்சவ்வு. வெளியே வாசல் இல்லாத அறைகளுக்குள் இருப்பது. இதயத்தையும் நுரையீரலையும் வயிற்றறை உறுப்புகளையும் இரண்டு மடிப்பாய்ச் சுற்றியிருக்கும். மடிப்புகளுக்கு இடையில் சிறிதளவு திரவம். உறுப்புகள் ஒன்றோடொன்று உராயாமல் வழுக்கிப் போக அது போதும். "நெஞ்சில தண்ணி கோத்திருக்கு" என்று சொல்கிறோமே, நுரையீரலைச் சுற்றிய மடிப்புகளுக்கு இடையில் அந்தத் திரவம் அளவுக்கு மீறிச் சேர்வதைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறோம்.

மூன்றாவது மூட்டுகளின் உட்புறத்தில் உள்ள மென்சவ்வு. இதில் மேலணி இல்லை, தொடுப்பிழையம் மட்டும். முட்டை வெண்கரு போன்ற ஒரு திரவத்தைச் சுரந்து மூட்டுக்கு எண்ணெய் போடும். ஐவேளை பர்ளில் பதினேழு ரக்அத், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸுஜூது. சுன்னத்தை விட்டாலும் நாளைக்கு முப்பத்துநான்கு தடவை முழங்கால் மடங்கி நிமிர்கிறது. அது சத்தமில்லாமல் நடக்கிறவரை இந்தச் சவ்வை யாரும் நினைப்பதில்லை. கதிரையில் இருந்து தொழும் வயது வரும்போதுதான் நினைவு வருகிறது.

நான்காவதாகத் தோலையும் ஒரு மென்சவ்வாகவே கணக்கெடுக்கிறார்கள். உலர்ந்த மென்சவ்வு.

கருவில் இருக்கும் பிள்ளைக்கும் மென்சவ்வு உண்டு. பனிக்குடம் என்று நம் ஊர் மருத்துவிச்சிகள் அழகாகச் சொல்வது அந்தப் பையைத்தான். ஸூரத்துஸ் ஸுமரின் ஆறாவது ஆயத் தாயின் வயிற்றுக்குள் உள்ள மூன்று இருள்களைப் பற்றிப் பேசுகிறது. வயிறு, கருப்பை, கருவைச் சுற்றிய உறை என்று முற்கால முபஸ்ஸிர்கள் அதற்கு விளக்கம் எழுதினார்கள். அந்த உறையைக் குறிக்க அவர்கள் கையாண்ட "மஷீமா" என்ற சொல்லில் இருந்துதான் கண்ணின் நடுப்படலத்துக்கும் அரபு வைத்தியர்கள் "மஷீமிய்யா" என்று பேர் வைத்தார்கள். குருதிக்குழாய் நிறைந்து, கருவைச் சுற்றிய உறை போல் இருப்பதால் அந்தப் பேர்.

மூளையைச் சுற்றிய உம்மா

சொல்லைப் பற்றிப் பேசுவதால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மூளையை மூன்று மென்சவ்வுகள் சுற்றியிருக்கின்றன. வெளியே இருப்பது தடித்தது, நடுவில் இருப்பது சிலந்தி வலை போன்றது, உள்ளே மூளையோடு ஒட்டியிருப்பது மிக மெல்லியது. நம் கலைச்சொல் தொகுதிகளில் வெளிச்சவ்வு "வன்றாயி", உட்சவ்வு "மென்றாயி". முதன்முதலில் இந்தச் சொற்களைப் பார்த்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன். பிறகுதான் புணர்ச்சி விளங்கியது. வன் + தாயி, மென் + தாயி. னகரத்தின் முன் வந்த தகரம் றகரமாகிவிட்டது.

ஒரு சவ்வுக்கு ஏன் தாய் என்று பேர்? இலத்தீனில் "டியூரா மேட்டர்", "பயா மேட்டர்" என்பார்கள். கடினத் தாய், கனிந்த தாய். இலத்தீனுக்கு அது எங்கிருந்து வந்தது? அரபியில் இருந்து. பத்தாம் நூற்றாண்டில் பாரசீகத்தில் வாழ்ந்த அலீ இப்னு அப்பாஸ் அல் மஜூஸி என்ற வைத்தியர் கிதாபுல் மலிகீ என்ற பெரும் மருத்துவ நூலை எழுதினார். அன்தாக்கியாவைச் சேர்ந்த ஸ்டீபன் என்பவர் 1127இல் அதை இலத்தீனில் பெயர்த்தார். அரபு வைத்தியர்கள் இந்தச் சவ்வுகளை "உம்முத் திமாஃ", மூளையின் தாய் என்று அழைத்தார்கள். ஒன்றைச் சார்ந்து நிற்பதைத் தாய், தந்தை, மகன் என்று உறவுப் பெயரால் சொல்வது அரபு மரபு. மொழிபெயர்த்தவர் அந்த உம்மைச் சொல்லுக்குச் சொல் "மேட்டர்" ஆக்கினார். இலத்தீனில் இருந்து அது உலகத்தின் எல்லா மருத்துவ நூல்களுக்கும் போனது. சுற்றிச் சுற்றித் தமிழுக்கு வந்தபோது "தாயி" ஆனது. தமிழ் பேசும் முஸ்லிம் பிள்ளை அதைப் படிக்கும்போது அது திரும்பவும் உம்மாவாகிறது.

பெருநாளில் மூளை ஆக்குவதற்கு முன் உம்மா அதைத் தண்ணீரில் போட்டு, சிவப்பு நரம்பு ஓடிய மெல்லிய தோலை விரல் நுனியால் பொறுமையாய் உரிப்பார். மென்றாயி அந்தத் தோலில்தான் இருக்கிறது. கிருமி தொற்றி இந்த உறைகள் வீங்குவதைத்தான் மூளைக் காய்ச்சல் வகைகளில் ஒன்றாகச் சொல்கிறோம்.

தமிழில் இந்தச் சொற்களை உண்டாக்க முடியும் என்று நம்பியவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். "மனுஷ அங்காதிபாதம்" முதலான நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். நூறு வருசம் கழித்து அரசகரும மொழித் திணைக்களம் துறை துறையாகச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இன்று நம் பிள்ளைகளின் புத்தகத்தில் உள்ள இழையமும் மென்சவ்வும் கலமும் அந்த உழைப்பின் மிச்சம்.

பாக்கு வாய்க்குள் செய்யும் வேலை

இனி உம்மாவின் கன்னத்துக்குத் திரும்புவோம். கன்னத்தின் உட்புறம் ஒரு சீதமென்சவ்வு. மேலே பல அடுக்கு மேலணி, கீழே தொடுப்பிழையம், அதற்கும் கீழே மெல்லுவதற்கு உதவும் தசை, எல்லாவற்றுக்கும் ஊடாக நரம்பு. ஒரு பெருவிரல் அகலத்துக்குள் நான்கு இழையமும் உண்டு.

கண்டி மலைநாட்டின் வீட்டுத் தோட்டத்தில் கமுகு இல்லாத தோட்டம் அரிது. அதில் மிளகு படர்ந்திருக்கும். கண்டி இராச்சியக் காலத்தில் பாக்கு முக்கியமான ஏற்றுமதிப் பொருள். பொதிமாட்டுத் தவளங்களில் அதைக் கரைக்கு இறக்கி, உப்பும் கருவாடும் துணியும் மேலே ஏற்றியவர்களில் நம் முன்னோர் பலர். அரசனின் பொதிமாட்டுத் திணைக்களமான "மடிகே பத்த"வில் முஸ்லிம்களே பெருமளவில் இருந்தார்கள். ஆகவே பாக்கு நமக்கு வெறும் பழக்கம் அல்ல, வரலாறும்தான். நிக்காஹ் வீட்டில் வெத்திலைத் தட்டம் இன்னும் சுற்றுகிறது.

ஆனால் அந்தப் பாக்கு மென்சவ்வுக்குச் செய்வது வேறு. பாக்கில் உள்ள அரெகொலின் என்ற பொருள் மேலணியைத் தாண்டிக் கீழே கசிகிறது. அங்கே நார் உற்பத்தி செய்யும் கலங்களைத் தூண்டுகிறது. கொலாஜன் நார்கள் தேவைக்கு மேல் பெருகி, இளகிய தொடுப்பிழையம் கயிறு போல இறுகுகிறது. கன்னம் வெளிறி விறைக்கிறது. வாய் திறக்கும் அளவு வருசத்துக்கு வருசம் குறைகிறது. 1952இல் கிழக்கு ஆபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இந்நிலை கண்டு எழுதப்பட்டது. பாக்கு மெல்லும் சமூகங்கள் எல்லாவற்றிலும் இது உண்டு. வந்த இறுக்கம் முழுதாய்த் திரும்பிப் போவதில்லை.

மேலே மேலணியிலும் வேலை நடக்கிறது. சுண்ணாம்பும் பாக்கும் புகையிலையும் ஒரே இடத்தில் அடக்கி வைக்கப்படும்போது, கலங்கள் தங்களைக் காக்கத் தடித்து வெள்ளைப் படையாகின்றன. சிலருக்கு அந்தக் கலங்களின் ஒழுங்கு குலையத் தொடங்கும். புகையிலை சேர்ந்தால்தான் ஆபத்து என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்வோம். உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத வெத்திலையும், பாக்கு தனியாகவும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களுக்கு மிக அதிகமாக வருவது வாய்ப்புற்றுநோய். நமக்கு அருகில் பேராதனையில் உள்ள பல் மருத்துவ பீடம் இந்த நோயை ஆராய்வதில் பேர் பெற்ற இடம். அறிவு அரை மணித்தியாலப் பஸ் பயணத்தில் இருக்கிறது. நாம்தான் பக்கத்து வீட்டு மதிலில் சாய்ந்து கேட்கிறோம்.

ஒரு மெல்லிய வேலி

ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் மகரிபுக்குப் பிறகு உம்மாவை இருத்திவைத்து, மாணவி ஒருத்தியின் விஞ்ஞானப் புத்தகத்தைத் திறந்து படத்தைக் காட்டினேன். "உம்மா, இது தோட்டத்துச் சுவர் மாதிரி. மேல அடுக்கி ஈக்கிற கல்லு மேலணி. கீழ ஈக்கிற மண் தொடுப்பிழையம். ரெண்டுக்கும் நடுவில ஒரு மெல்லிய விரிப்பு ஈக்கி, அதுக்கு அடித்தள மென்சவ்வு ண்டு பேர். மேல ஈக்கிற கலம் கெட்டாலும் அந்த விரிப்பைக் கடக்காத வரைக்கும் வேற இடத்துக்குப் போகாது. ஏன் ண்டா இரத்தக் குழாய் எல்லாம் விரிப்புக்குக் கீழதான் ஈக்கி. கடந்துட்டா அது வேற கதை. கடந்தா இல்லையா ண்டு வெளிய ஈந்து பாக்கிற வைத்தியருக்குத் தெரியாது. அதப் பாக்கத்தான் துண்டு எடுக்கிறாங்க."

உம்மா படத்தை நெடுநேரம் பார்த்தார். "இத அண்டைக்கே செல்லி ஈக்கலாமே மகள்" என்றார். அந்த ஒரு வசனம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

எடுத்தது சில மில்லிமீற்றர்தான். விறைக்க ஊசி போட்டு, இரண்டு தையல். அந்தத் துண்டைப் பழுதாகாமல் போமலினில் போட்டு, மெழுகில் பதித்து, மில்லிமீற்றரின் இருநூறில் ஒரு பங்கு தடிப்புக்குச் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்பும் சாயமூட்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். கத்தி பட்டால் பரவும் என்று பயந்த அந்தக் காரியம் இவ்வளவுதான். வாயில் இப்படித் துண்டு எடுப்பதால் நோய் பரவுவதில்லை. எடுக்காமல் காலம் கடத்துவதுதான் பரவ இடம் கொடுக்கிறது.

அறிக்கை வந்தது. கலங்களின் ஒழுங்கு நடுத்தர அளவில் குலைந்திருந்தது. அடித்தள மென்சவ்வு கடக்கப்படவில்லை. அல்ஹம்துலில்லாஹ். படையை வெட்டி அகற்றினார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்டச் சொன்னார்கள். உம்மா வெத்திலைத் தட்டத்தை மூடிவிட்டார். அந்த ஐந்து மாதத்தில் அது கடந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன், எழுதியிருந்தாலும் வேறு விதமாய் எழுதியிருப்பேன்.

வாசகர்களிடம் கேட்பது இவ்வளவுதான். வீட்டில் வெத்திலை, பாக்கு போடுபவர் இருந்தால் நல்ல வெளிச்சத்தில் அவர் வாய்க்குள் பாருங்கள். வெள்ளையோ சிவப்போ படை, ஆறாத புண் இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால் காட்டுங்கள். அவருடைய மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் நுழைக்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டால் கன்னத்தின் தொடுப்பிழையம் இறுகத் தொடங்கியிருக்கலாம். வைத்தியர் டிஷூ என்றோ பட்டக்க என்றோ சொன்னால் "சதை" என்று மொழிபெயர்த்துப் பயமுறுத்தாதீர்கள். இழையம் என்று சொல்லி, அது என்னவென்றும் சொல்லுங்கள். பத்தாம், பதினோராம் தரத்துப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அவர்களையே விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். பாடமும் பலப்படும்.

போன கிழமை அதே பக்கத்து வீட்டு ராத்தா தன் வாயில் ஒரு படை இருக்கிறது என்று காட்ட வந்தார். நான் எழும்பி வருவதற்கு முந்தி உம்மா தொடங்கிவிட்டார்: "பயப்படாத. துண்டு ஒண்டு எடுப்பாங்க. அது சவ்வக் கடந்தா இல்லையா ண்டு பாக்கத்தான். நாளைக்கே போ."